ஷிப்ட்காரர்கள் கட்டிய வீடு

1

இங்கே செப்டம்பரில் ஒரு வாரம், பழைய கட்டடங்களை எல்லாம் பொதுமக்களுக்குத் திறந்து விடுவார்கள். 'இங்கே' என்று நான் சொல்வது இங்கிலாந்தின் மேற்கில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். நான் வந்து பதினேழு வருடம் ஆகிறது. கவுண்டி அலுவலகத்தில் பழைய கட்டடங்கள் பிரிவில் குமாஸ்தாவாக இருக்கிறேன்.

என் வேலை சுலபமானது. யாராவது தங்கள் வீட்டில் உளுத்துப்போன சன்னலை மாற்ற வேண்டுமென்றால் எங்களுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அந்த வீட்டுக்கு ஒரு கோப்பு இருக்கும். கல் அடித்தளம், மரச்சட்டச் சுவர், இரண்டு தளம், பின்பக்கம் பிற்காலச் சேர்க்கை என்று ஒவ்வொன்றும் அதில் எழுதியிருக்கும். கோப்பில் ஓக் மரச் சன்னல் என்று இருந்தால் மாற்றுவதும் ஓக் மரமாகத்தான் இருக்க வேண்டும். சொந்த வீட்டுச் சன்னலை மாற்ற மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, தொலைபேசியில் என்னிடம் எரிந்து விழுபவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வராது. நாற்பது வருடம் நிலக்கரி மைன்ஸ் சத்தத்தில் வேலை செய்தவரின் மகள் நான், யார் கத்தினாலும் எனக்குக் கத்துவதாகவே கேட்காது.

போன செப்டம்பரில் எங்கள் சந்தைக் கூடத்தில் எனக்கு டியூட்டி. மரத்தூண்களின் மேல் நிற்கும் நானூறு வருடக் கட்டடம். ஒரு காலத்தில் கீழே கம்பளி விற்றார்கள், மேலே வழக்குத் தீர்த்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, எந்தக் கட்டை எங்கே பொருந்தும் என்று அன்றைக்குத் தச்சர்கள் தூணில் செதுக்கிய குறிகளை வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். கைத்தடியோடு வந்த ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் கட்டடங்கள் இன்னும் பழையதாக இருக்குமே?" என்றார். "எங்கள் ஊர் நிலக்கரி டவுன்ஷிப். அங்கே ரொம்பப் பழைய குவார்ட்டர்ஸுக்கு என் அண்ணன் வயதுதான் இருக்கும்" என்றேன். எனக்கு அண்ணன் கிடையாது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் நெய்வேலிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தங்கை வளர்மதியின் குரல்பதிவு வந்தது.

"அக்கா, பேப்பரு வந்துட்டுது. நம்ம வூட்டு மனைக்கும் சேத்துதான். ரெண்டு பேரு கையெழுத்தும் வோணுமாம். சீக்கிரம் அனுப்பு."

மைன்ஸ் எங்கள் கிராமம் வரை வருகிறது என்பது பல வருடப் பேச்சு. இப்போது காகிதமாக வந்துவிட்டது. ஊரைக் கொடுக்கிறவர்களுக்குப் புதுக் காலனியில் மனை. எங்கள் வீடு அப்பா பெயரில் இருந்தது. அப்பா இல்லை, அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். வாரிசு நாங்கள் இரண்டு பேர். நான் கையெழுத்துப் போட்டால் வளருக்கு மனை கிடைக்கும், வீடு போகும். போடாவிட்டால் எதுவும் நகராது.

தூணில் கை வைத்தபடி அந்தக் குரல்பதிவை மூன்று முறை கேட்டேன். அப்புறம் அடுத்து வந்தவருக்குத் தச்சன் குறிகளைக் காட்டப் போனேன்.

2

எங்கள் ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. குள்ளஞ்சாவடிக்கும் நெய்வேலிக்கும் இடையில் ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் முந்திரிக்காடு, நடுவே எங்கள் தெரு. அந்தத் தெருவில் குடியிருந்த மனையைத் தவிர ஒருவருக்கும் பயிர் நிலம் கிடையாது. அப்பாவின் அப்பா அடுத்தவர் கொல்லையில் களை வெட்டியவர். மழை பெய்தால் ஒழுகும் கூரையைத் தவிர அவர் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

அப்பா மைன்ஸுக்கு காண்ட்ராக்ட்டில் போனார். ரொம்ப வருடம் கழித்து பர்மனென்ட் ஆனார். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அகலத் தெரு, குழாயில் தண்ணீர், வேப்பமர நிழல், ஷிப்டுக்கு ஷிப்ட் ஊதும் சங்கு. அந்த குவார்ட்டர்ஸில்தான் நானும் வளரும் வளர்ந்தோம். ஆனால் அப்பாவுக்கு அது ரிட்டையர் ஆகிற அன்று சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடம். எங்கள் தெருவிலேயே முதல் செங்கல் வீட்டைத் தன் பழைய கூரை நின்ற மனையில் கட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். எனக்கு அப்போது ஐந்து வயது.

கொத்தனார் வைக்க வசதியில்லை. கன்வேயர் பெல்ட்டில் அப்பாவோடு வேலை செய்தவர்கள் கட்டினார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ. ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் சேலம், இரண்டு பேர் தஞ்சாவூர்ப் பக்கம், மிச்சப் பேர் நெல்லிக்குப்பம், பண்ருட்டி. டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்குக்குள் பல ஊர்க்காரர்கள் இருக்கிற மாதிரிதான். முதல் ஷிப்ட் முடித்தவர்கள் மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு சைக்கிளில் வருவார்கள், மேற்குச் சுவரை எழுப்புவார்கள். இரண்டாம் ஷிப்ட் போகிறவர்கள் காலையில் வந்து கிழக்குச் சுவரை எழுப்பிவிட்டு வேலைக்குப் போவார்கள். ஒரு கூட்டம் மற்றதைப் பார்த்ததே இல்லை. அவரவர் நூல், அவரவர் அளவு.

விட்டம் ஏற்றுகிற அன்றுதான் இரண்டு கூட்டமும் ஒன்றாக நின்று பார்த்தது. கிழக்குச் சுவர் நான்கு விரற்கடை தாழ்வு.

"எங்க சுவரு சரி. அவங்களதுதான் ஒசந்துபோச்சி" என்று இரண்டாம் ஷிப்ட்காரர்கள் சொன்னார்கள். "மைன்ஸ்ல பள்ளம் வெட்டற மாரியேதான் செவுத்தையும் எறக்கிக் கட்டிக்கிறீங்க" என்று முதல் ஷிப்ட்காரர்கள் கேலி செய்தார்கள். சண்டை வலுத்தது. அப்பா இரண்டு பக்கத்துக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "எறக்கமா இருந்தா தண்ணி நல்லா வழியும், வுடுங்கப்பா" என்று முடித்து வைத்தார். ஒரு பக்கம் சாய்ந்த நாட்டு ஓட்டுக் கூரை. சன்னலை வைத்தவர் ஆறடி மனிதர். தன் கண் மட்டத்துக்கு வைத்துவிட்டார். அம்மா வெளியே பார்க்க வேண்டுமென்றால் மணை போட்டு ஏற வேண்டும். வாசல் கதவு மட்டும் காடாம்புலியூரில் சொல்லிச் செய்த பலாமரக் கதவு. மஞ்சளாக, கனமாக, தட்டினால் கணீரென்று இருக்கும்.

மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவின் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து போய் அந்தச் சுவர்களுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அந்த ஈர மண் வாசனை இதை எழுதும்போதும் வருகிறது. எனக்கு அந்த வீட்டின் மேல் அவ்வளவு ஆசை. இத்தனைக்கும் கூட்டிப் பார்த்தால் அதில் நான் தங்கியது ஒரு வருடம்கூட இருக்காது.

3

கையெழுத்துப் போட வேண்டுமென்றால் இங்கே ரயிலில் இரண்டு மணி நேரம் போய், தூதரகக் கிளையில் அதிகாரி முன்னால் பவர் பத்திரத்தில் போட வேண்டும். முதலில் என் பெயர் தகராறு. ஊர்ப் பத்திரத்தில் மா. தேன்மொழி. பாஸ்போர்ட்டில் தேன்மொழி மாணிக்கம். இங்கே எல்லோருக்கும் நான் மிஸ்ஸஸ் மாணிக்கம். பதினேழு வருடமாக அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்க்கிறேன். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழி எழுத வேண்டியிருந்தது. அதற்கு மூன்று வாரம். அது உண்மையான தாமதம்.

அதற்கு அப்புறம் நான் சொன்னது எல்லாம் பொய்.

"அக்கா, என்னாச்சி, தேதி கெடச்சிதா?"

"இன்னும் கெடைக்கல வளரு."

"அந்த ஊர்ல அவ்ளோ பேரா கையெழுத்துப் போட நிக்கறாங்க?"

"ஆமா, ரொம்பக் கூட்டம்."

வாரத்தில் ஐந்து நாளும் தேதி இருந்தது. கணினியில் பச்சைப் பச்சையாகக் காட்டியது. நான் தொடவில்லை. அக்டோபர் போனது, நவம்பர் போனது. தெருவில் ஒவ்வொரு குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தது. நாலு வீடுதான் மிச்சம் என்று வளர் சொன்னாள். அவள் கணவர் குமார் மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து வெறிச்சோடிய தெருவுக்குள் வர ஒரு மாதிரியாக இருக்கிறதாம். பிள்ளைகள் கல்லூரி விடுதியில். நான் "பாக்கறேன், பாக்கறேன்" என்றேன்.

எங்கள் அலுவலகக் கோப்புகளில் ஒரு காலி வயலுக்கும் கோப்பு உண்டு. முன்பு அங்கே ஒரு கிராமம் இருந்ததாம். எப்போதோ ஆட்கள் போய்விட்டார்கள், ஏன் என்று தெரியவில்லை. இப்போது புல்லுக்கடியில் மேடும் பள்ளமும் மட்டும். அந்த மேடு பள்ளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு, அங்கே யாரும் மண்வெட்டி போடக்கூடாது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை அங்கே போய் நின்றேன். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எந்த ஊர் மேல், யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும், எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்ய உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரு கோப்பு எழுத ஆரம்பித்தேன்.

அலுவலக முறைப்படியே எழுதினேன், ஆனால் தமிழில். செங்கல் சுவர், நாட்டு ஓடு. கிழக்குச் சுவர் நான்கு விரற்கடை தாழ்வு, இரு ஷிப்ட்களின் வேலையைக் காட்டும் சிறப்பு அம்சம். சன்னல் உயரம் வழக்கத்துக்கு மீறியது. பின்னால் மாட்டுக்கொட்டகை, அம்மியும் தொட்டியும். கட்டியவர்கள் பெயர், தெரிந்தவரை அவர்களின் ஊர். மூன்று பக்கம் வந்தது. ஒரு தடவை என் மகள் யாழினி பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். பதினைந்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒரு பழைய மாளிகையில் சுற்றிக் காட்டும் தன்னார்வலர். இந்தக் கவுண்டியின் எந்தப் பிரபு எந்தச் சண்டையில் செத்தான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தாத்தாவின் ஊர்ப் பேரைக் கேட்டால் யோசிப்பாள்.

"எவ்ளோ பழைய வீடும்மா?"

"நாப்பத்தோரு வருஷம்."

"அது பழசு இல்லையேம்மா. புது வீடு."

எனக்குச் சுருக்கென்றது. "உங்க தாத்தாவோட பரம்பரையிலயே முதல் சுவர் அது. அதுக்கு முன்னாடி எங்களுக்கு சரித்திரமே கிடையாது" என்று கத்திவிட்டேன். அவள் மாடிக்குப் போய்விட்டாள். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் நாம் கோபப்பட்டால் அவர்கள் பதிலுக்குக் கத்துவதில்லை, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிறார்கள். அது அதைவிட மோசம்.

டிசம்பர் முதல் வாரத்தில் அந்த மூன்று பக்கத்தையும் படமெடுத்து வளருக்கு அனுப்பினேன். படித்தால் புரிந்துகொள்வாள், கொஞ்சம் பொறுப்போம் என்று அவளே சொல்வாள் என்று நினைத்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும், அங்கே மதியம். வளர் வீடியோவில் வந்தாள். எப்போதும் போலப் பின்னால் பலாமரக் கதவு.

"அக்கா, படிச்சேன். அவரும் படிச்சாரு. நல்லா எழுதிக்கிற. அந்தத் தஞ்சாவூரு மாமா பேரெல்லாம் எனக்கே மறந்துபோச்சி."

"அதான் வளரு, நான் என்ன சொல்றேன்னா..."

"ஆனா அந்த வூடு இல்லக்கா."

எனக்குப் புரியவில்லை. அவள் எழுந்து கதவைத் தள்ளினாள். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். மேலே தகரம். நீளமான ஷீட்டுகள், நடுவே ஓட்டை வழியாக வெயில். கிழக்குச் சுவர் இருந்த இடத்தில் சிமென்ட் கல் வைத்து இடுப்புயரம், அதற்கு மேல் தட்டி. அந்த உயரச் சன்னல் இல்லை. மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் ஒரு கக்கூஸ்.

"நீ கடைசியா வந்துட்டுப் போனியே, அதுக்கு மறு வருஷம் மழைல. அந்த நாலு வெரக்கட எறக்கம்னு எழுதிக்கிறியே, அந்த மூலைலயேதான் தண்ணி எறங்கி எறங்கி செவுரு நின்ன வாக்குல உக்காந்துடுச்சி. ஓடெல்லாம் போச்சி. அப்பாதான் மிச்சத்தப் பிரிச்சாரு. அவரே ஷீட்டு போட்டாரு."

"ஏன் வளரு என்கிட்ட சொல்லல?"

"அப்பா சொல்லக்கூடாதுன்னுட்டாரு. எம்பொண்ணு அங்க ஊரான் வூட்டையெல்லாம் காப்பாத்துற வேல பாக்குது, நம்ம வூட்டக் காப்பாத்தத் தெரியலன்னு தெரிஞ்சா அதுக்கு அசிங்கமா இருக்கும்னாரு. கதவ மட்டும் தொடைச்சி வெச்சி, போன் வந்தா இங்க வந்து உக்காருவாரு. நாங்களும் அப்டியே பழகிட்டோம்."

அப்பா இறந்தபோது கொரோனாவால் விமானங்கள் ஓடவில்லை. நான் கடைசியாக அவரைப் பார்த்ததும் அந்தக் கதவுக்கு முன்னால்தான், இதே போனில். தலை வாரி, சட்டை போட்டு, கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். தகரத்துக்கடியில் வெந்துகொண்டிருந்த மனிதர். எனக்கு அழுகை வந்துவிட்டது. வளருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ அழுவாத. எனக்குப் பதில் சொல்லு. நெசமாவே தேதி கெடைக்கலியா?"

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"எனக்குத் தெரியும்க்கா. எங்க வூட்டுக்காரரு அப்பவே சொன்னாரு. நான்தான், அக்கா அப்டி செய்யாதுன்னேன். நீ எட்டு வருஷத்துக்கு ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போறதுக்கு நான் இந்தத் தகரத்துல காவ காத்துகினு கெடக்கணுமா? மழ பேஞ்சா ராவெல்லாம் பாத்திரம் வெச்சிகினு உக்காந்துகினு இருக்கேன். எனக்கு மட்டும் அப்பா கட்டுன வூடு இல்லியா அது?"

போனை வைத்துவிட்டாள். திரும்பினால் யாழினி படிக்கட்டில் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வேகமான தமிழ் அவளுக்கு அவ்வளவாகப் புரியாது, ஆனால் இது புரிந்திருந்தது.

"சித்திக்கு வீடு கிடைக்காததுக்கு நீங்கதான் காரணமாம்மா?"

ஆமாம் என்றேன். அவளே கணினியைத் திறந்து பச்சையாக இருந்த முதல் தேதியை அழுத்தினாள். வியாழக்கிழமை, காலை பதினொன்றரை.

5

தூதரகக் கிளையில் கூட்டமே இல்லை. எனக்கு முன்னால் இரண்டே பேர். அதிகாரி பவர் பத்திரத்தைப் புரட்டி, சொத்து விவரம் என்ற இடத்தில் விரலை வைத்து, சரியா என்று பார்க்கச் சொன்னார். மைன்ஸ் அலுவலர்கள் ஊருக்கு வந்து அளந்து எழுதியது. ஷீட் கூரை வீடு ஒன்று, கிணறு ஒன்று, பலா இரண்டு, முந்திரி மூன்று. என் மூன்று பக்கத்துக்கு எதிராக ஒரே ஒரு வரி. அவர்களுடையதுதான் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பெருவிரல் ரேகையும் வைக்கச் சொன்னார்கள். கழிவறையில் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நீலம் போகவில்லை.

தபாலில் அது ஊர் போய்ச் சேர்ந்து, வேலைகள் முடிந்து, வளருக்கு மனைச் சீட்டு கைக்கு வரும்போது பொங்கல் முடிந்துவிட்டது. அதுவரைக்கும் அவள் என்னோடு அளந்துதான் பேசினாள். சீட்டு வந்த அன்று அவளே கூப்பிட்டாள். நான் ஆபீஸில் இருந்தேன். கோப்பை மூடிவிட்டு வெளியே வந்து எடுத்தேன். குரலில் பழைய வளர் இருந்தாள்.

"அக்கா, நாளன்னிக்கு சாமான் ஏத்தறோம். ஒரே வண்டி. நம்மளுதும் செல்வியதும்."

"எந்த செல்வி?"

"எதுத்த வூட்டு அம்மா இருந்தாங்களே, அவங்க மருமவ. நீ பாத்ததில்ல. அவளுக்கு ஐப்பசி மாசமே மன குடுத்துட்டாங்க. கதவு, சன்னல் எல்லாத்தையும் கழட்டி புது எடத்துக்கு எடுத்துகினு போயி, வூட்டுக்காரரும் புள்ளைங்களும் அங்க கூரை போட்டு இருக்காங்க. இவ மட்டும் இங்கயே இருந்துட்டா."

"ஏன்?"

"அவரு நைட் ஷிப்டு போற வாரத்துல நான் ஒண்டியா கெடப்பேனாம். அதுக்கு. கதவு இல்லாத வூட்டுல தார்ப்பாய் கட்டிகினு, இந்த மழைலயும் இருந்தாக்கா. பொங்கலுக்குக்கூட அங்க போயி பொங்க வெச்சிட்டு சாய்ந்தரமே திரும்பி வந்துட்டா. நம்ம வூட்டுல வந்து படுடின்னா, வூட்டுக்குள்ள வெளக்கு இல்லாம இருக்கக்கூடாதும்பா. இந்தா, பேசு."

ஒரு இளம் குரல், "அக்கா, நல்லாருக்கீங்களா?" என்றது.

"செல்வி, என்னாலதாம்மா நீ இவ்ளோ நாள்..." என்று ஆரம்பித்தேன்.

"அதனால என்னாங்க. உங்களுக்கு என்னா கஷ்டமோ, வளரக்கா சொன்னாங்க. அந்த ஊர்ல கையெழுத்துக்கு ரொம்பக் கூட்டமாமே?"

வளர் என் பொய்யைக் கடைசிவரை அவளிடம் காப்பாற்றியிருக்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "ஆமாம்மா, ரொம்பக் கூட்டம்" என்றேன்.